நான்கு நூற்றூர்கள்

வென்றவன் முதலில் கோட்டை கட்டுகிறான். பிறகு கோடு கிழிக்கிறான். கோட்டை கண்ணுக்குத் தெரியும். அதைக் காட்டிக் காட்டியே பாட நூல்கள் வீரக் கதை பேசும். கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால், எந்த ஊர் எந்த மன்றத்துக்குக் கட்டுப்பட்டது, எவன் வந்து வரி தண்டுவான், குற்றம் சாட்டப்பட்டவன் எந்த மொழியில் தன் வழக்கை எடுத்துரைக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது அந்தக் கோடுதான். கோட்டையின் வரலாறு கொற்றவனின் வரலாறு. கோட்டின் வரலாறே குடிகளின் வரலாறு என்கிறோம் நாம்.

இதற்குச் சான்று தேடி வேல்ஸ் நாட்டின் வடகிழக்கு மூலைக்குச் செல்வோம். இங்கிலாந்துக்கு மேற்கே, ஐரியக் கடலை நோக்கி நிற்கும் சிறு நாடு வேல்ஸ். அதன் வடபுறத்திலே கான்வி என்றோர் ஆறு. அதற்குக் கிழக்கே டீ என்றோர் ஆறு. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குப் 'பெர்வெத்லாட்' என்று பெயர். 'நடுநாடு' என்பது அதன் பொருள். மேற்கே குவினெத் அரசின் மலைக்கோட்டம். கிழக்கே ஆங்கிலேயரின் செஸ்டர் நகரம். நடுவே அகப்பட்ட நாடு, பெயருக்கு ஏற்ப, இருபுறமும் இடிபட்ட நாடு!

இந்த நடுநாட்டில் நான்கு பிரிவுகள் இருந்தன: ரோஸ், ரிவொனியோக், டிப்ரின் குளூயிட், டெகைங்கில். டிப்ரின் குளூயிட் என்றால் குளூயிட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, நல்ல விளைநிலம். ரோஸும் டெகைங்கிலும் கடலோரம். ரிவொனியோக்கின் ஒரு பகுதி வளமான தாழ்நிலம். மறு பகுதி காற்றடிக்கும் மேட்டுக் காடு. இவை ஒவ்வொன்றையும் வேல்ஸ் மக்கள் 'கான்ட்ரெவ்' என்றழைத்தனர். 'கான்ட்' என்றால் நூறு. 'ட்ரெவ்' என்றால் ஊர். நூறு ஊர் கொண்டது கான்ட்ரெவ். 'நூற்றூர்' என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம்.

நூறு ஊர் என்ற கணக்கு எப்படி வந்தது? வேல்ஸ் நாட்டுச் சட்ட ஏடுகள் அதை அழகாகக் கூட்டிக் காட்டுகின்றன. 'எர்வ்' என்பது அவர்களது நில அளவு. நான்கு எர்வ் ஒரு மனை. நான்கு மனை ஒரு பங்கு. நான்கு பங்கு ஒரு பிடி. நான்கு பிடி ஓர் ஊர். நான்கு ஊர் ஒரு 'மேனோல்'. பன்னிரண்டு மேனோலும், அவற்றுக்கு மேல் இரண்டு ஊர்களும் சேர்ந்தால் ஒரு 'கும்முட்'. ஆக, கும்முட்டுக்கு 50 ஊர். இரண்டு கும்முட் சேர்ந்தது ஒரு நூற்றூர். எர்வுக் கணக்கில் பார்த்தால் ஊருக்கு 256, நூற்றூருக்கு 25,600.

ஏட்டுக் கணக்கு இது. நாட்டு நடப்பு இவ்வளவு நேராக இருக்கவில்லை. ரோஸ் நூற்றூரில் இரண்டல்ல, மூன்று கும்முட்டுகள். டெகைங்கிலிலும் மூன்று, குளூயிட் பள்ளத்தாக்கிலும் மூன்று. ஆறு ஓடியபடி, காடு வளர்ந்தபடி, குடி பெருகியபடி எல்லைகள் அமைந்தன. மலைக்கும் மடுவுக்கும் நான்கால் பெருக்கத் தெரியாதல்லவா! ஆனால், கணக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கும்முட் என்பது வெறும் நிலத்துண்டு அன்று. அது ஒரு வழக்கு மன்றம். அங்கே நிலத் தகராறு தீர்க்கப்பட்டது, களவு விசாரிக்கப்பட்டது, திறை தண்டப்பட்டது. அங்கே பேசப்பட்ட மொழி மக்களின் மொழி. அங்கே செல்லுபடியான சட்டம் மக்கள் வழிவழி அறிந்த சட்டம்.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹவெல் தா என்னும் மன்னனின் பெயரால் அந்தச் சட்டம் வழங்கிற்று. 'நல்ல ஹவெல்' என்பது பெயரின் பொருள். இன்று நமக்குக் கிடைக்கும் ஏடுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகின்றன. இலத்தீனில் சில உள. வேல்ஸ் மொழியிலேயே எழுதப்பட்டவை பல உள. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சட்டமும் சமயமும் இலத்தீன் என்னும் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த காலத்தில், தாய்மொழியில் சட்ட ஏடு தீட்டியவர்கள் வேல்ஸ் மக்கள். இதை எண்ணி மகிழலாம்.

ஆனால், மகிழ்ந்து மயங்கிவிடக் கூடாது. பழமை என்பதாலேயே பொற்காலம் என்று பாட்டுப் பாடுவது நமது வழக்கமன்று. கும்முட்டின் பன்னிரண்டு மேனோல்களை அதே சட்ட ஏடு எப்படிப் பங்கிட்டது என்று பாருங்கள். ஆறு மேனோல் உயர்குடியினருக்கு. ஒன்று மேலாளனுக்கு. ஒன்று மன்றத் தலைவனுக்கு. மிஞ்சிய நான்கும் 'தையோக்' என்று அழைக்கப்பட்ட கட்டுக்குடிகளுக்கு. அரசனது நாய்களுக்கும் குதிரைகளுக்கும் அவனுடன் உலா வரும் கூட்டத்துக்கும் தீனி போட வேண்டியவர்கள் அவர்கள். மண்ணை உழுதவன் அவன். மண்ணை விட்டு நகரும் உரிமை அவனுக்கு இல்லை. ஒருவனைக் கொன்றால் கொன்றவனின் சுற்றத்தார் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். அந்தத் தொகை இறந்தவனின் தகுதிக்கேற்ப ஏறும், இறங்கும். உயிருக்கு விலை வைத்தார்கள்; விலையிலும் மேல் கீழ் வைத்தார்கள்! மனைவிக்கு மணவிலக்குப் பெறவும், ஏழாண்டு இல்வாழ்வுக்குப் பின் பிரிந்தால் வீட்டுப் பொருளில் பங்கு பெறவும் அந்தச் சட்டம் வழி செய்தது. அது சிறப்பு. ஆனால், குவினெத் வழக்கப்படி மகளுக்குத் தந்தையின் நிலத்தில் பங்கில்லை. அது இழிவு. சிறப்பையும் சொல்வோம், இழிவையும் மறைக்க மாட்டோம்.

இத்தகைய நான்கு நூற்றூர்களும், 1247-ஆம் ஆண்டு, மக்களிடம் ஒரு சொல் கேட்கப்படாமல் கைமாறின. அந்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், உட்ஸ்டாக் என்ற இடத்தில், குவினெத் இளவரசர்களான ஒவைன், லூவெலின் என்னும் உடன்பிறந்தார் இருவர், இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஹென்றியிடம் நடுநாட்டை ஒப்படைத்தனர். 1254-இல் ஹென்றி அதைத் தன் மகன் எட்வர்டுக்கு வழங்கினான். எட்வர்டுக்கு அப்போது வயது 14! பையனுக்கு விளையாட்டுப் பொருள் தருவதுபோல் நான்கு நூற்றூர் தரப்பட்டது.

பையன் விளையாடவில்லை, அவனது அலுவலர்கள் ஆடினர். ஜெப்ரி லாங்லி என்பவன் ஆளவந்தான். நூற்றூரும் கும்முட்டும் எதற்கு, ஆங்கில மாவட்ட முறையே போதும் என்றான். வரியை ஏற்றினான், வழக்கை மாற்றினான். மக்கள் பொறுத்தனர், பொறுமை தீர்ந்ததும் கான்வி ஆற்றுக்கு அப்பால் நோக்கினர். அங்கே லூவெலின், தன் உடன்பிறந்தாரை 1255-இல் போரில் வென்று, தனி அரசனாக நின்றான். நடுநாட்டார் அவனிடம் சென்று முறையிட்டனர். 1256 நவம்பரில் லூவெலின் கான்வியைக் கடந்தான். ஒரே வாரம்! டெகன்வி, டிசெர்த் என்னும் இரண்டு கோட்டைகள் தவிர, நடுநாடு முழுவதும் அவன் வசமாயிற்று. ஒரு வாரத்தில் ஒரு நாடு கைமாறுவது வாளின் வல்லமையால் மட்டுமா? குடிகள் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதே அதன் பொருள். ஒன்பது ஆண்டுகள் ஆண்டும் ஆங்கில அலுவலர்கள் பெறாத பற்றை, 'உங்கள் வழக்கம் உங்களுக்கு' என்ற உறுதி ஒன்றே லூவெலினுக்குப் பெற்றுத் தந்தது.

1267-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மாண்ட்கோமரி உடன்படிக்கையின்படி, லூவெலினை 'வேல்ஸ் இளவரசன்' என்று ஹென்றி ஏற்றுக் கொண்டான். நான்கு நூற்றூர்களும் அவனுடையவை என்று எழுதிக் கொடுத்தான். சும்மா கொடுக்கவில்லை, 25,000 மார்க்கு விலை பேசினான். மார்க்கு என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. பட்டம் இளவரசனுக்கு; பணம் யாருடையது? குடிகளுடையது! மலைநாட்டில் மாடு மேய்த்தவனும் பள்ளத்தாக்கில் பயிரிட்டவனும் தலையில் சுமந்த கடன் அது. லூவெலின் இறந்தபின், 1283-இல் குவினெத் மக்கள் அளித்த குறைப்பட்டியல், அவனது ஆட்சியில் தண்டப்பட்ட வரிகளையும் வாங்கப்பட்ட கெடுபிடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. தம்மவன் ஆண்டான் என்பதாலேயே தாழ்வெல்லாம் தீர்ந்துவிடவில்லை. இதையும் நாம் குறித்துக் கொள்ள வேண்டும்.

1272-இல் ஹென்றி மறைந்தான், எட்வர்டு அரசனானான். லூவெலின் தன்னிடம் வந்து பணிய மறுத்தான் என்று காட்டி 1277-இல் படையெடுத்தான். காடுகளை வெட்டிப் பாதை அமைத்தபடி படை நகர்ந்தது. பிளின்டிலும் ரித்லனிலும் கோட்டை எழும்பின. ரித்லனுக்குக் கடலிலிருந்து கப்பல் வர வேண்டுமென்று, குளூயிட் ஆற்றையே இரண்டு மைலுக்கு மேல் வெட்டி நேராக்கினார்கள். ஆறே வளைந்தால் நிமிர்த்துவான் எட்வர்டு, ஆட்களை விடுவானா? அந்த ஆண்டு நவம்பரில் அபெர்கான்வி உடன்படிக்கை. நடுநாடு மீண்டும் ஆங்கில மன்னன் கையில்.

இம்முறை எட்வர்டு ஒரு தந்திரம் செய்தான். ரோஸையும் டெகைங்கிலையும் தானே வைத்துக் கொண்டான். ரிவொனியோக்கையும் குளூயிட் பள்ளத்தாக்கையும் டாவித் என்பவனுக்கு அளித்தான். யார் இந்த டாவித்? லூவெலினுடைய சொந்தத் தம்பி! அண்ணனுக்கெதிராக ஆங்கிலப் படையோடு நின்றவன். அதற்குக் கூலி இரண்டு நூற்றூர். வீட்டைப் பிளந்தவன் நாட்டைப் பிளந்தான். காட்டிக் கொடுத்தவன் களித்தான். ஆனால் எத்தனை நாளைக்கு?

உடன்படிக்கையில் ஒரு வாசகம் இருந்தது. வேல்ஸ் நிலத்து வழக்குகள் வேல்ஸ் சட்டப்படியே தீர்க்கப்படும் என்பது அதன் கருத்து. அந்த ஒரு வாசகத்தை நம்பி லூவெலின், ஆர்விஸ்ட்லி என்ற மற்றொரு நூற்றூர் குறித்து வழக்குத் தொடுத்தான். அவன் எடுத்துரைத்த வாதம் இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 'அரசே, உமது ஆட்சியின் கீழ் உள்ள காஸ்கனியர் தம் நாட்டிலே தம் சட்டப்படி வாழ்கின்றனர். ஸ்காட்டியர், ஐரியர், ஆங்கிலேயர் அவ்வாறே. வேல்ஸ் மக்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லையா?' என்பது அதன் சாரம். நேரான கேள்வி. எட்வர்டு நேரான பதில் தரவில்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தா. விசாரணைக்கு மேல் விசாரணை. ஆண்டுகள் ஓடின, நீதி அசையவில்லை.

நடுநாட்டிலோ நிலைமை இன்னும் மோசம். செஸ்டரின் நீதித் தலைவனாக ரெஜினால்டு கிரே 1281-இல் வந்தான். முடிந்துபோன வழக்குகளை மீண்டும் கிளறினான். கும்முட் மன்றத்தில் தீர வேண்டியவை செஸ்டருக்கு இழுக்கப்பட்டன. பரிசு பெற்ற டாவித்தும் தப்பவில்லை. நில வழக்கு ஒன்றில் அவனையே செஸ்டர் மன்றத்துக்கு அழைத்தார்கள். 'இது வேல்ஸ் நிலம்; வேல்ஸ் சட்டமே இங்கு செல்லும்' என்று அந்த மன்றத்திலே உரக்கக் கூறினான் அவன். அன்னியன் அளித்த நூற்றூர், அன்னியன் அளித்ததாகவே இருக்கும், உனதாகாது என்ற பாடத்தைக் காட்டிக் கொடுத்தவனே கற்றுக் கொண்டான். 1282 மார்ச்சு 21-ஆம் நாள் இரவு, ஹார்டன் கோட்டையைத் தாக்கிக் கிளர்ச்சியைத் தொடங்கியவன் அந்த டாவித்தான். விரைவில் அண்ணனும் களத்துக்கு வந்தான்.

போர் மூண்ட பின், நவம்பர்த் திங்களில், காண்டர்பரித் தலைமைக் குரு ஜான் பெக்கம் சமரசம் பேச வந்தார். 'உங்கள் குறைகளைச் சொல்லுங்கள்' என்றார். இளவரசர்கள் எழுதிக் கொடுத்தனர், அது வியப்பன்று. ரோஸ் நூற்றூர் மக்கள் தனியே எழுதிக் கொடுத்தனர். டெகைங்கில் மக்கள் தனியே எழுதிக் கொடுத்தனர். அதுதான் வியப்பு! எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், எல்லைப்புறக் குடிகள் தம் நூற்றூரின் பெயரால் ஒன்றுகூடி ஓலை நீட்டினர். அரச மகிமை பற்றி அவற்றில் பேச்சில்லை. எங்கள் சட்டமும் உரிமையும் பறிக்கப்பட்டன. அலுவலர் அநீதி செய்கின்றனர். அரசனிடம் முறையிடத் தூது சென்றால் தண்டிப்போம் என்று மிரட்டுகின்றனர் - இவையே குறைகள். மணிமுடி யார் தலையில் என்பது இளவரசர்களின் கேள்வி. எங்கள் வழக்கை யார், எந்தச் சட்டப்படி விசாரிப்பது என்பது மக்களின் கேள்வி.

தலைமைக் குருவிடம் எட்வர்டு ஒரு பேரத்தையும் மறைவாகச் சொல்லியனுப்பினான். லூவெலின் மலைநாட்டை விட்டுக் கொடுத்தால், இங்கிலாந்தில் ஆண்டுக்கு 1,000 பவுன் வருவாயுள்ள நிலம் தருவதாகச் சொன்னான். அதற்கு வந்த மறுமொழியில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, அரசவையின் குரல்: புரூட்டசு என்னும் புராண வீரன் காலந்தொட்டு வந்த பரம்பரைச் சொத்தை விடலாகாது என்றது. புரூட்டசு என்று ஒருவன் பிரிட்டனை ஆண்டதாகச் சொல்வது கட்டுக்கதை. கதையின் மேல் கொற்றத்தை நிறுத்தினர் அவையினர். இரண்டாவது, மலைநாட்டு மக்களின் குரல்: இளவரசனே நாட்டை ஒப்படைக்க விரும்பினாலும், யாருடைய மொழியும் வழக்கமும் சட்டமும் எமக்குத் தெரியாதோ அந்த அன்னியனுக்கு நாங்கள் பணிய மாட்டோம் என்றது. இதில் கதையில்லை, கற்பனையில்லை. மொழி, வழக்கம், சட்டம் என்னும் மூன்று தூண்கள் உள்ளன. புராணம் சொன்ன குரல் இன்று நகைப்புக்கிடம்; மொழி சொன்ன குரலோ இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது.

1282 டிசம்பர் 11-ஆம் நாள் லூவெலின் பில்த் நகருக்கருகே கொல்லப்பட்டான். வெட்டப்பட்ட தலை இலண்டனில் காட்சிப் பொருளாயிற்று. மறு ஆண்டு டாவித் பிடிபட்டு, அக்டோபர் 3-ஆம் நாள் ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டான். மன்னர் கதை முடிந்தது. நூற்றூர்களின் கதை?

போர் முடியும் முன்னரே எட்வர்டு பங்கு பிரித்துவிட்டான். 1282 அக்டோபரிலேயே, ரோஸில் பெரும்பகுதியும் ரிவொனியோக்கும் லிங்கன் பிரபு ஹென்றி லேசிக்கு. டென்பி அதன் தலைநகர். குளூயிட் பள்ளத்தாக்கு ரெஜினால்டு கிரேக்கு; ரிதின் அதன் தலைநகர். எவனைப் பற்றி மக்கள் முறையிட்டார்களோ, அவனே அவர்களுக்கு ஆண்டானானான்! டெகைங்கில், 1284 ரித்லன் சட்டத்தின்படி, பிளின்ட் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. ரோஸின் கடலோரத் துண்டான கிரைதின் கும்முட்டோ, கான்வி ஆற்றுக்கு அப்பாலுள்ள கார்னர்வன் மாவட்டத்தோடு ஒட்ட வைக்கப்பட்டது. ஒரு நாடு, நான்கு துண்டு. ஒன்றுகூடி ஓலை நீட்டிய மக்கள் மறுபடி ஒன்றுகூடாமலிருக்கக் கத்தியைவிடக் கோடே போதும் என்று கண்டான் எட்வர்டு.

ரித்லன் சட்டம், மன்னன் நேரே ஆண்ட மாவட்டங்களில், களவு, கொலை போன்ற குற்றங்களுக்கு ஆங்கிலச் சட்டத்தை விதித்தது. நிலப் பங்கீட்டில் வேல்ஸ் வழக்கத்தை ஓரளவு விட்டு வைத்தது. ஒரு நன்மையும் அதில் உண்டு: கணவன் நிலத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கும், ஆண் மகவு இல்லாத வீட்டில் பெண்ணுக்கு நில உரிமையும் தந்தது. தம்மவர் சட்டம் தர மறுத்ததை மாற்றான் சட்டம் தந்தது என்றால், தம்மவர் வெட்கப்பட வேண்டும். காலத்தில் தம் வீட்டைத் தாமே திருத்திக் கொள்ளாதவர்களைப் பார்த்து வரலாறு இப்படித்தான் நகைக்கிறது.

டென்பியில் லேசியின் ஆட்சி எப்படி? வளமான தாழ்நிலங்களிலிருந்து வேல்ஸ் குடிகள் பெயர்க்கப்பட்டனர். மாற்று நிலம் என்ற பெயரில் மேட்டுக் காடு தரப்பட்டது. பெயர்ந்தவர் மண்ணில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டவர் குடியேற்றப்பட்டனர். 1334-இல் எடுக்கப்பட்ட டென்பி நிலக் கணக்கு, ஊர் ஊராக இந்தப் பெயர்ப்பைப் பதிவு செய்கிறது. கணக்கெழுதிய கைக்குக் கண்ணீர் தெரியாது. ஆனால் கணக்கைப் படிக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. நகரங்களோ ஆங்கிலேயருக்கே. கோட்டைச் சுவருக்குள்ளே வாணிபம். சுவருக்கு வெளியே வரி கட்டுவோர்.

1294-இல் கிளர்ச்சி மூண்டு டென்பி மக்கள் கையில் சிக்கியது, அடக்கப்பட்டது. 1400 செப்டம்பரில் ஒவைன் கிளிந்தூர் கொடி உயர்த்தினான். முதலில் எரிந்த நகரம் ரிதின். அன்று ரிதினை ஆண்டவன் பெயரும் ரெஜினால்டு கிரே. பழைய கிரேயின் வழிவந்தவன். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கனன்ற நெருப்பு அது. பதிலாக, 1401, 1402-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து மன்றம் தண்டனைச் சட்டங்கள் இயற்றியது. வேல்ஸ் நாட்டவன் ஆங்கில நகரங்களில் நிலம் வாங்கக் கூடாது. பதவி வகிக்கக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. சொந்த மண்ணில் அயலான்! இச்சட்டங்கள் ஏட்டிலிருந்து நீங்க 1624 வரை ஆயிற்று. கிளிந்தூரோ, போரின் நடுவிலும், 1406-இல், இரண்டு பல்கலைக் கழகங்கள் வேண்டும், திருச்சபையில் வேல்ஸ் மொழி அறிந்தவரே அமர வேண்டும் என்று திட்டம் தீட்டினான். வாள் தோற்றது, திட்டம் தோற்கவில்லை. பல்கலைக் கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது.

கடைசி அடி, கத்தியின்றி விழுந்தது. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தது. டென்பி, ரிதின் முதலிய ஆதிக்கங்களைச் சேர்த்து டென்பி மாவட்டம் அமைத்தது. கும்முட்டுகளின் பெயர் சில, ஆங்கில உட்பிரிவுகளின் பெயராக எஞ்சின: ஈஸ் ஆலெட், ஈஸ் துலாஸ் என்று. பெயர் பிழைத்தது; உயிர் போயிற்று. ஏனெனில் அதே சட்டம், வழக்கு மன்றங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும், ஆங்கிலம் வழங்காதவன் பதவி வகிக்கலாகாது என்று விதித்தது. பெரும்பாலோர் வேல்ஸ் மொழி ஒன்றே அறிந்த நாட்டில் இந்த விதி! தன்மீது சாட்டப்பட்ட குற்றம் இன்னதென்று விளங்காமலேயே தூக்குக் கயிற்றின் முன் நின்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1282-இல் ரோஸ் மக்கள் அஞ்சியது 1536-இல் சட்டமாயிற்று.

அப்படியானால் அந்த மொழி மடிந்ததா? இல்லை. காத்தவர்கள் இளவரசர்கள் அல்லர், எழுத்தாளர்களும் அச்சுக்காரர்களும். ரிவொனியோக்கின் ஆலெட் ஆற்றங்கரையில், லான்சானன் என்ற ஊரில் பிறந்தவர் வில்லியம் சேல்ஸ்பரி. 1547-இல் ஆங்கிலமும் வேல்ஸும் கொண்ட அகராதி வெளியிட்டார். 1567-இல் புதிய ஏற்பாட்டை வேல்ஸ் மொழியில் அச்சேற்றினார். பெரும்பகுதி அவர் மொழிபெயர்த்தது. 1588-இல் வில்லியம் மார்கன் முழு விவிலியத்தையும் தந்தார். பின்னர் டெகைங்கில் மண்ணிலுள்ள செயின்ட் ஆசப்பில் பேராயராக இருந்து 1604-இல் மறைந்தார். இந்த மொழிபெயர்ப்பை ஆணையிட்ட 1563-ஆம் ஆண்டுச் சட்டம், பக்கத்திலே ஆங்கில விவிலியத்தையும் வைக்கச் சொன்னது. இரண்டையும் ஒப்பிட்டு மக்கள் விரைவில் ஆங்கிலம் கற்பர் என்பது எண்ணம். நடந்ததோ வேறு! எழுதப் படிக்கும் மொழியாக வேல்ஸ் நிலைத்தது. மத ஏடு என்பதற்காக நாம் அதைப் போற்றவில்லை. குருமாரின் இலத்தீனை விரட்டிவிட்டுக் குடியானவன் மொழியை மேடையேற்றிய ஏடு என்பதற்காகக் குறிப்பிடுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே டென்பியில் தாமஸ் ஜீ தோன்றினார். 1815-இல் பிறந்து 1898-இல் மறைந்த இந்த அச்சுக்காரர், லேசி கட்டிய கோட்டையின் நிழலில் இருந்த தம் அச்சகத்திலிருந்து, வேல்ஸ் மொழியில் செய்தித்தாளும், 1854 முதல் 1879 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியமும் வெளியிட்டார். அவரும் சமயப் பற்றுடையவரே. ஆனால், தாம் சேராத அரசாங்கத் திருச்சபைக்கு விளைச்சலில் பத்திலொரு பங்கு கட்டிய உழவர்களின் பக்கம் நின்றார். 1887-இல், பழைய ரோஸ் நூற்றூரின் மொக்ட்ரெ என்ற ஊரில், அந்த வரியைத் தண்ட வந்தவர்களுக்கும் உழவர்களுக்கும் மோதல் ஏற்பட்டது. 1891-இல் வரிப் பொறுப்பு நிலவுடைமையாளருக்கு மாற்றப்பட்டது; 1920-இல் அந்தத் திருச்சபை அரசாங்கத் தொடர்பை இழந்தது. 1282-இல் ஓலை நீட்டிய கை, 1887-இல் அச்செழுத்தும் கோர்த்தது.

1536-இன் மொழித் தளை மெல்ல மெல்ல அவிழ்ந்தது. 1942-இல் ஓரளவு, 1967-இல் வழக்கு மன்றத்தில் வேல்ஸ் பேசும் உரிமை, 1993-இல் அந்தப் பழைய சட்டமே ஏட்டிலிருந்து நீக்கம், 2011-இல் வேல்ஸ் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி. 1999 முதல் கார்டிபில் தனிச் சட்டமன்றம். ஆனால் நானூற்றைம்பது ஆண்டுச் சேதத்தை நான்கு சட்டங்கள் ஈடு செய்து விடுமா? 1901-இல் வேல்ஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் மொழி பேசினர். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 விழுக்காடு. உரிமை திரும்பி வருவதற்குள் உரியவர்கள் குறைந்து போயினர்! 2050-க்குள் பத்து லட்சம் பேர் பேசும் மொழியாக்குவோம் என்று அந்நாட்டு அரசு 2017-இல் உறுதி பூண்டு உழைத்து வருகிறது. வெல்க அவர் முயற்சி.

நான்கு நூற்றூர்களின் கதை நமக்கு உரைப்பது இரண்டு. நிர்வாக வசதிக்கு எல்லை வகுக்கிறோம் என்று எவரேனும் கூறும்போது, 'யாருடைய வசதிக்கு? அந்த எல்லைக்குள் எந்த மொழியில் நீதி கிடைக்கும்?' என்று கேட்க வேண்டும். இது முதலாவது. நம் சட்டம், நம் வழக்கம் என்று உரிமை கோருவோர், அந்தச் சட்டத்தின் கீழ் உழைப்பவனும் பெண்ணும் எந்த நிலையில் உள்ளனர் என்று தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும். இது இரண்டாவது. முதல் கேள்வியைக் கேட்கத் துணிந்ததால் ரோஸ், டெகைங்கில் மக்கள் வரலாற்றில் நிலைத்தனர். இரண்டாவது கேள்வியை அவர்களது இளவரசர்கள் கேட்கவேயில்லை. அதனால்தான், போர் மூண்ட நாளில், நூற்றூரின் உயர்குடியானும் அவன் நாய்க்குத் தீனி போட்ட தையோக்கும் ஒரே உரிமைக்குப் போரிட்டனர் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும் மக்களே எந்தக் கோட்டையும் எதிர்த்து நிற்க வல்லவர்கள். எந்தக் கோட்டையும் திருத்தி வரைய வல்லவர்கள்.